கல்லறையோடு முடியாத அன்பு

(தென்காசியில், மருத்துவப் பணியைத் தாங்கும் நண்பர்களின் கூடுகையில் அளிக்கப்பட்ட சொற்பொழிவு)



இங்கே கூடியிருப்பவர்களில் பலர் அருமையான ஒருவரை இழந்தவர்கள் என்பதை அறிவோம். ஆகவே இன்று கட்டடங்களையும் கணக்குகளையும் விட்டுவிட்டு, அந்த இழப்பைக் குறித்தே பேச விரும்புகிறோம்.

துக்க வீட்டிற்குப் போனால், "அழாதீங்க, எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். நல்ல மனதோடுதான் சொல்லுகிறோம். ஆனால் லாசருவின் கல்லறையண்டை ஆண்டவரே கண்ணீர் விட்டார். அழுகை அவிசுவாசம் அல்ல; மரணத்தை நன்மை என்று யாரும் ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. போனவர்மேல் வைத்த அன்பு இனி எங்கே போகும்? கஞ்சி ஆற்றிக் கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்து பழகின கைகள் இனி என்ன செய்யும்?

நம் பக்கத்திலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி.யை நீங்கள் அறிவீர்கள். அவருடைய ஒரே மகன் தீபன் இளவயதிலேயே காலமானார். நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். அந்தப் பாடலின் அருமையிலே டி.கே.சி. ஆறுதல் கண்டார் என்று இன்றும் சொல்லுவார்கள். மகனை இழந்த தகப்பனின் வேதனை அதனால் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்லத் துணியமாட்டோம். ஆனால் அந்த வீட்டின் கதவு அடைபடவில்லை. சாரல் காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். கம்பன் பாடல்கள் ஒலித்தன. கம்பர் தரும் இராமாயணத்தை அவர் தமிழருக்குத் தந்தார். துக்கமும் விருந்தும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்கு அந்த வீடு சாட்சி.

இனி மருத்துவ உலகிற்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். 1912-இலேயே மருத்துவப் பட்டம் பெற்றிருந்த அக்காவாலும் காப்பாற்ற முடியவில்லை. தன் கையாலாகாத அந்த வேதனையை அவர் மறக்கவில்லை. 1935-இல், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு மருத்துவமனை என்று எண்ணிய காலம் அது. அவர் விடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. எண்ணிப் பாருங்கள்: தங்கை மறைந்து 31 ஆண்டுகள்! துக்கம் பலன் கொடுக்க அத்தனை காலம் பிடித்தது. இன்று நம் தென்காசிப் பக்கத்து நோயாளிக்கும் அடையாறு என்ற பெயர் தெரியும்.

வேலூரிலும் இப்படியே. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் தம் தகப்பனாரோடு மருத்துவப் பணி செய்ய வந்தார். சில மாதங்களிலேயே தகப்பனார் காலமானார். பெரிய ஆஸ்பத்திரி இல்லை, அனுபவமும் இல்லை. வீட்டில் ஒரு சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். அதைக்கொண்டு 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை, அந்த அம்மையாரின் பெயரிலேயே திறக்கப்பட்டது. மனைவியை இழந்த கணவரின் துக்கமும், தகப்பனை இழந்த மகளின் துக்கமும் அங்கே ஒன்றாய்ச் சந்தித்தன.

நண்பர்களே, எல்லாரும் மருத்துவமனை கட்ட முடியாது; கட்ட வேண்டியதும் இல்லை. உங்கள் அருமையானவர் படுக்கையில் கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்போது எது குறைவாயிருந்தது? ராத்திரியில் கிராமத்திலிருந்து கொண்டுவர வண்டி கிடைக்கவில்லையா? கூட இருந்தவருக்குப் படுக்க இடம் இல்லையா? டாக்டர் சொன்னதை எளிய தமிழில் விளக்க ஆள் இல்லையா? அந்தக் குறையை உங்களைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை. எந்தப் படிப்பும் தராத அறிவு அது. அங்கேயே தொடங்குங்கள்.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டி அழுதார்கள். அவளுடைய ஊழியம் ஊசியும் நூலுமே. உங்களுக்குத் தையல் தெரிந்தால், பிறந்த குழந்தைக்கு ஒரு சட்டை தையுங்கள். பாடத் தெரிந்தால், வார்டில் ஒரு மணி நேரம் பாடுங்கள். அம்மாவின் கைப்பக்குவத்தை எழுதிவைத்து, அதே ரசத்தை ஒரு நோயாளிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால், தனியாய்க் கிடப்பவர் அருகில் சும்மா உட்காருங்கள்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். நேற்று அடக்கம் செய்தவரிடம், இன்று ஊழியம் செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம். அழும் காலம் அழுவதற்கே. அந்த நாட்களில், போனவரின் பெயரை நீங்கள் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பதே எங்கள் வேலை. மற்றவர்கள் அந்தப் பெயரைத் தவிர்ப்பார்கள். நீங்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கைகளில் பல, மறைந்த ஒருவருடைய நினைவாக வருகிறவை. அவற்றை நாங்கள் வெறும் தொகையாக எண்ணுவதில்லை. இனி செலவிட வழியில்லாத அன்பு, முன்பின் அறியாத ஒருவருக்கு மருந்தாகவும் பாலாகவும் போய்ச் சேருகிறது என்றே எண்ணுகிறோம். போனவருக்குச் செய்ய முடியாமற்போனதை, இருக்கிறவருக்குச் செய்வோம். ஆறுதலின் தேவன் உங்களைத் தாங்குவாராக. ஆமென்.