சொல்லும் துணிவு



தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே 5 கிலோமீட்டர் தொலைவுதான். அவ்வழியே சென்ற போதெல்லாம் அருவியின் அழகையே எண்ணி மகிழ்ந்தவன் நான். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாளுக்குப் பின் அதன் அபாயத்தையும் எண்ணத் தலைப்பட்டேன். அன்று, சாரல் காலம் தொடங்குமுன்பே, மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே குளிப்பவருக்கு மேலே பெய்யும் மழை தெரிவதில்லை. எனவே, நீர் கலங்குவதை முதலில் காண்பவர், யாராயினும், உரக்கக் கூவ வேண்டும். கேட்பவர் உடனே கரையேற வேண்டும்.

மருத்துவமனைக்கும் இவ்விதி பொருந்தும். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் காணாத பிழையை அருகில் நிற்கும் செவிலியர் காணக்கூடும். "பெரியவரிடம் எப்படிச் சொல்வது?" என்று அவர் வாய்மூடி நின்றால் நோயாளியின் கதி யாது? உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் இத்தயக்கத்தைப் போக்க முயல்கிறது. தோலைக் கீறுமுன் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறுகின்றனர். நோயாளி யார், சிகிச்சை யாது, உடலில் எவ்விடம் என்பவற்றை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்கின்றனர். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் சோதித்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

நாளை உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டியின் மூடி தளர்ந்திருக்கக் கண்டால், அஞ்சாது ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொன்னவரைக் கடியாது பாராட்டுவது ஆசிரியர் கடன். சிறியோர் சொல்லவும் பெரியோர் கேட்கவும் பழகிய இடமே பாதுகாப்பான இடம்.