நம் மோட்டார் அறையும் வகுப்பறைதான்

(காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருகிறது. பிறகு நம் வயலுக்குப் பாய்கிறது. போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரியும் உண்டு. பார்த்துப் படிக்க இவ்வளவு இருக்கிறது. ஆனாலும், எந்த ஊரில் படித்தாலும், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

நம் மோட்டார் ஏன் அடிக்கடி எரிகிறது? மேல்தொட்டி வழிந்து எவ்வளவு தண்ணீர் வீணாகிறது? இதை அளந்து சொல்ல நான்கு மாணவர்களை அழைப்போம். ஓய்வுபெற்ற பொறியாளர்களே, வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு நில்லுங்கள். விருப்பமுள்ளவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.