கேமரா நிற்கும் இடம்



இந்த ஆவணப்படக் கருத்தரங்கிற்காகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்தவர்கள் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் இயக்கி 1956இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அந்த நிறுவனத்தின் படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அரபியர் என்றதும் தலைப்பாகை, வாள், புதையல் குகை என நம் பெரியவர்கள் மனத்தில் எழுந்த உருவத்தில் அதற்கும் பங்குண்டு. யூதர் என்றாலோ கல்லூரிப் பாடத்து ஷேக்ஸ்பியர் நாடகத்தின் வட்டிக்காரன் ஷைலக்தான். அதே 1956இல் எகிப்தும் இஸ்ரேலும் மோதிய சூயஸ் போர் நடந்தது. அது நமக்கு வெறும் பத்திரிகைச் செய்தி.

இஸ்ரேல், பாலஸ்தீன மண்ணின் மனிதர்களை முகம் பார்க்க வைத்தவை ஆவணப்படங்களே. மேற்குக்கரையின் பில்இன் கிராமத்து விவசாயி எமாத் பர்னாத் 2005இல் நான்காவது மகன் பிறந்தபோது ஒரு கேமரா வாங்கினார். பிள்ளையைப் படம்பிடிக்க வாங்கியது, ஊர் நிலத்தை விழுங்க வந்த இஸ்ரேலின் தடுப்புவேலிக்கு எதிரான போராட்டத்துக்குப் போனது. அது உடைந்து, அடுத்ததும் உடைந்து, ‘ஐந்து உடைந்த கேமராக்கள்’ என்ற படம் பிறந்தது. உடன் இயக்கியவர் கய் டேவிடி, இஸ்ரேலியர். 2025இல் ஆஸ்கார் பெற்ற ‘நோ அதர் லேண்ட்’ படத்தையும் இரண்டு பாலஸ்தீனியரும் இரண்டு இஸ்ரேலியருமாக நால்வர் எடுத்தார்கள். நண்பர்களான பாலஸ்தீனியர் பாசெல் அத்ராவும் இஸ்ரேலியர் யுவால் ஆபிரஹாமும் மேற்குக்கரையில் பாலஸ்தீனியர் வீடுகள் இடிக்கப்படும் ஒரே காட்சியைப் படம்பிடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் யுவால் இஸ்ரேலிய மஞ்சள் நம்பர் பிளேட் காரில் வீட்டுக்குப் போய்விடலாம். பாசெலுக்கு அந்த வழி அடைப்பு. இந்த ஏற்றத்தாழ்வைப் படம் மறைக்கவில்லை.

இத்தகைய படங்களிடம் ‘நடுநிலை’ கேட்பவர்கள் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எங்கே நின்று எடுத்தேன் என்று படம் சொல்லிவிட்டால் போதும்.

நம் கதைக்கு வருகிறேன். இலங்கைப் போரின் இறுதி நாட்களைப் பற்றிய கேலம் மேக்ரேயின் ‘நோ ஃபயர் ஜோன்’ ஆவணப்படத்துக்கு 2014இல் நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. இலங்கையுடனான நட்பு கெடுமாம். ஜூட் ரத்னம் என்ற ஈழத்தமிழர், தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதையும் பேசி எடுத்த ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. மறு ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வரவே நிறுத்தப்பட்டது. முதல் படத்துக்காகக் குரல் கொடுத்த நம்மில் எத்தனை பேர் இரண்டாவதற்கும் கொடுத்தோம்?

மேக்ரே படத்தோடு வெளிவந்த இரண்டு புகைப்படங்கள் 2013இல் தமிழ்நாட்டு மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. ஒன்றில், பதுங்குகுழியில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கும் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன். அடுத்ததில் அவன் உடல், மார்பில் குண்டுக் காயங்களோடு. சிறுவனுக்காக அழுதோம், சரி. முதல் படத்தில் அவனுக்கு எதிரே ஒருவர் கேமராவோடு நிதானமாக நின்றிருக்கிறாரே, அவரைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. இலங்கைப் போரின் சாட்சியங்களில் கணிசமானவை வென்றவர்களே கைபேசியில் எடுத்துவைத்தவை. பர்னாத்தின் கேமரா தன் ஊரைக் காக்க ஓடியது. வென்றவர்களின் கேமரா வெற்றிச் சின்னம் சேர்க்கப் போனது. இரண்டையும் ‘ஆவணம்’ என்று ஒரே பெட்டியில் போட முடியுமா என்பதை இந்த அரங்கம் விவாதிக்க வேண்டும்.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் படத்தை எடுத்துக்கொண்டாலும், அதை எடுத்தவர் அன்றிரவு எங்கே போய்ப் படுத்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோட்பாட்டை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மணி என் கையில் இருக்கிறது. முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.