நாகூரான்: மதராஸ் வானொலியில் ஓர் அமெரிக்க இசை



1960 பிப்ரவரி 3 அன்று சென்னை வானொலி நிலையத்தின் தென்னிந்திய வாத்தியக் குழு வாசித்த ஒரு படைப்பு ஒலிபரப்பானது. அதன் பெயர் 'நாகூரான்'. எழுதியவர் ஆலன் ஹொவானெஸ் என்ற அமெரிக்கர். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த பிறகு எழுதியது. புதுச்சேரியின் கனகசெட்டிக்குளத்தில் கூடி ஓர் அமெரிக்கரைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலிலிருந்து வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். மேலை இசையின் வரலாற்றில் அந்த ஊர் இடம்பிடித்திருப்பது பக்கத்து ஊர்க்காரர்களான நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹொவானெஸ் 1911 மார்ச் 8 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில்லில் பிறந்தார். தந்தை ஆர்மீனியர், வேதியியல் பேராசிரியர், ஆங்கில–ஆர்மீனிய அகராதி தொகுத்தவர். தாய் ஸ்காட்லாந்து வழியினர். தாய் இறந்த பிறகுதான் மகன் ஆர்மீனியத் தாத்தாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆர்மீனியர்கள் சென்னைக்குப் புதியவர்கள் அல்லர். அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் எழுந்த அவர்களுடைய தேவாலயம் இன்றும் இருக்கிறது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் அச்சானதும் சென்னையில்தான்.

பாஸ்டனில் முறையாக இசை படித்த ஹொவானெஸ், 1936-ல் அங்கே வந்த உதயசங்கர் நடனக் குழுவைப் பார்த்தார். குழுவின் இசையைக் கவனித்தவர் விஷ்ணுதாஸ் ஷிராலி. இந்திய இசை மீது ஹொவானெஸுக்கு ஈடுபாடு பிறந்தது அப்போதுதான். பிறகு வாட்டர்டவுன் ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை; அங்கே தந்தை வழி இசை காதில் ஏறியது.

1942-ல் டாங்கிள்வுட் கோடைப் பள்ளியில் நடந்தது இசை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கதை. அவருடைய சிம்பொனியின் ஒலிப்பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்கள். இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் பக்கத்தில் இருந்தவர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பதிவு முடிந்ததும் இளைஞர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவில் ஒரு ஸ்வர வரிசையை வாசித்துக் காட்டி, இந்த மலிவான சங்கதியைத் தன்னால் சகிக்க முடியவில்லை என்கிறார். ஹொவானெஸ் அங்கிருந்து வெளியேறினார். தம் பழைய படைப்புகளை அவர் நூற்றுக்கணக்கில் எரித்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். எரித்தது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதற்குப் பிறகு வந்தவை முன்னவற்றைவிட அவருக்கே உரியவை என்பதில் சந்தேகமில்லை.

1944-ல் எழுதிய 'லூஸாத்ஸாக்' என்ற பியானோ கச்சேரிப் படைப்பே அதற்குச் சாட்சி. பியானோ அதில் மேற்காசியக் கம்பி வாத்தியம்போல ஒற்றை மெட்டை ஓட்டிக்கொண்டே போகும். கீழே தந்தி வாத்தியங்கள் சுருதிபோல நிற்கும். சில இடங்களில் ஒவ்வொரு வாத்தியக்காரரும் தனக்குத் தந்த சிறு துண்டைத் தன் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிப்பார். யாருக்கும் தாளக் கணக்கு இல்லை, முழுக் குழுவும் முணுமுணுப்பதுபோல் கேட்கும். 1945-ல் நியூயார்க்கில் அதைக் கேட்ட இசையமைப்பாளர்கள் ஜான் கேஜும் லூ ஹாரிசனும் அன்று முதல் அவருடைய ஆதரவாளர்கள். பத்தாண்டு கழித்து, 1955-ல், இசைக்குழு நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி ஹூஸ்டனில் நடத்திக்காட்டிய 'மர்ம மலை' சிம்பொனி அவரை நாடறிந்தவராக்கியது.

அந்தப் புகழோடுதான் 1959-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னை வந்தார்.

அவருக்கு முன்பே வழி போட்டவர்கள் உண்டு. புதுச்சேரியில் பேசும்போது பிரெஞ்சுக்காரரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. இசையமைப்பாளர் ராவேலின் நண்பரான மொரீஸ் தெலாஜ் 1912-ல் இந்தியா வந்தவர். கோயம்புத்தூர் தாயி பாடிய கிராமபோன் தட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. தட்டில் இருந்தது வள்ளலாரின் அருட்பா. அதைக் கேட்டு எழுதிய படைப்புக்கு 'ராகமாலிகா' என்றே பெயர் வைத்தார். பியானோவின் ஒரு கம்பியை அடக்கி மத்தள ஒலி வரவழைத்தார். தாயியின் குரல் பாரிஸ் மேடைக்குப் போன கதையே ஒரு தனி அமர்வுக்கு உரியது.

அடுத்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கௌவெல். 1931 வாக்கில் ஜெர்மனியில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடமே கர்நாடக இசை கற்றவர். கேஜுக்கும் ஹாரிசனுக்கும் ஆசிரியர். 1950-களில் சென்னைக்கு வந்து, ஊர் திரும்பித் தம் 13-ஆவது சிம்பொனிக்கு 'மதராஸ்' என்று பெயரிட்டார். ஜலதரங்கமும் தபலாவும் வரும் அந்தச் சிம்பொனியை நியூயார்க்கிலிருந்து வந்த இசைக்குழு 1959 மார்ச் 3 அன்று சென்னையிலேயே அரங்கேற்றியது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் 1958-லேயே கலிஃபோர்னியா போய்விட்டார்.

மேற்கிலிருந்து வந்த இந்த மூவரில் ஹொவானெஸ் வேறுபடுவது ஓர் இடத்தில். தெலாஜ் நம் பாட்டைப் பியானோவுக்குக் கொண்டுபோனார். கௌவெல் நம் வாத்தியங்களைத் தம் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விருந்தாளியாக அழைத்தார். ஹொவானெஸோ தம் ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு நம் வாத்தியக்காரர்கள் நடுவே வந்து உட்கார்ந்தார். வீணை கற்றார். முந்நூறுக்கும் மேற்பட்ட ராகங்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிச் சேர்த்தார். ராகங்களைப் பற்றி ஒரு நூல் எழுதத் திட்டமிட்டார், அது முடியவில்லை. மியூசிக் அகாடமியின் விழாவில் பங்கேற்க அழைக்கப்பட்ட முதல் மேலைநாட்டு இசையமைப்பாளர் அவர் என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 'மதராஸ் சொனாட்டா' என்று ஒரு பியானோ படைப்பும் உண்டு.

வானொலி அப்போது இதற்குத் தோதான இடம். 1952-ல் டில்லியில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்திய வாத்ய விருந்தா இசைக்குழு தொடங்கியதிலிருந்து, இந்திய வாத்தியங்களைக் கூட்டாக வாசிக்கவைப்பது எப்படி என்ற கேள்வி நிலையங்களில் உயிரோடு இருந்தது. கர்நாடக இசையில் பலர் ஒரே மெட்டை வாசித்தால் அது கூட்டு வாசிப்பு. ஆளுக்கொரு ஸ்வரம் என்றால் ராகம் கெட்டுப்போகும் என்ற பயம். மேலை இசை படித்த வேறொருவர் வந்திருந்தால் முதலில் ஸ்வர அடுக்குகளைத்தான் நுழைத்திருப்பார். ஹொவானெஸ் பதினைந்து ஆண்டுகளாகச் சுருதியின் மேல் ஒற்றை மெட்டு ஓடும் இசையைத்தான் எழுதிவந்தார். சென்னை அவருக்குப் புதுப் பாதை காட்டியது என்று சொல்வது மிகை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பாதையில் அவர் எதிர்ப்பட்ட ஊர் சென்னை.

நாகூரைத் தேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. டிசம்பர் சபாக்களிலேயே காலத்தைக் கழித்துவிட்டுப் போகும் வெளிநாட்டு மாணவர்களே அதிகம். இவர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலத்துக்குப் போயிருக்கிறார். அங்கே நிற்கும் ஐந்து மினாராக்களில் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். எல்லா மதத்தாரும் நேர்ந்துகொண்டு வரும் அந்த வாசலில் ஓர் ஆர்மீனியக் கிறிஸ்தவரின் மகனுக்கு ஒரு படைப்பு கிடைத்தது.

குறையும் சொல்ல வேண்டும். முந்நூறு ராகம் நோட்டில் இருப்பதும் முப்பது ராகம் கையில் இருப்பதும் ஒன்றல்ல. ஆரோகண அவரோகணம் எழுதிக்கொண்டால் ராகம் வந்துவிடாது. கமகமும் பிடியும் ஓர் ஆண்டில் படியாதவை. பின்னாளில் அவர் எழுதியவற்றில் ராகச் சாயல் பெரும்பாலும் ஸ்வர வரிசையாகவே தங்கிவிடுகிறது. அதோடு அவர் மிக அதிகமாக எழுதினார்: சிம்பொனி மட்டும் 67, வரிசையெண் பெற்ற படைப்புகள் நானூறுக்கு மேல். சிலவற்றைக் கேட்டால் முந்தையதைத்தான் மறுபடி கேட்கிறோமோ என்று தோன்றும். அப்படியிருந்தும், 1970-ல் திமிங்கிலங்களின் ஒலிப்பதிவை ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்த்த படைப்பையும், வெடித்த எரிமலையை வைத்து 1982-ல் எழுதிய 50-ஆவது சிம்பொனியையும் கேட்டவர்கள் அவரை எளிதில் ஒதுக்க முடியாது. 2000 ஜூன் 21 அன்று சியாட்டிலில் காலமானார்.

அவரைப் பற்றி மேற்கில் எழுதுவோர் சென்னை ஆண்டை இரண்டு மூன்று வரிகளில் கடந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஆண்டுக்கான சான்றுகள் நம் பக்கம்தான் இருக்க வேண்டும், தேடவேண்டியவர்கள் நாம். கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கு இந்த அவையின் வேண்டுகோள் இது: 1960 பிப்ரவரியின் 'வானொலி' இதழைப் புரட்டுங்கள். அகாடமியின் அந்த ஆண்டு விழா மலரைப் பாருங்கள். நிலைய வாத்தியக் குழுவில் அன்று இருந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போய், வீட்டில் கேட்ட கதைகளைப் பதிவு செய்யுங்கள். பிறகு 'நாகூரான்' படைப்பின் ஸ்வரக் குறிப்பை வரவழைத்து, அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர்களைப் போன்ற இளையவர்களைக் கொண்டு காரைக்காலிலாவது ஒருமுறை மேடையேற்றுங்கள்.