மகன் போனபின் ஒரு தாயின் வழக்கு



வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதல் பதினாறு நாள் எப்படிப் போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பந்தல், உறவினருக்குச் சொல்லியனுப்புதல், கருமாதி, கடன் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்த நாள்களில் சட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், "பிணத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள்" என்ற பழிச்சொல் வரும். ஆகவே, பிறர் தவற்றால் நேர்ந்த சாவும் "அவன் விதி முடிந்தது" என்ற பேச்சோடு அடங்கிப்போகிறது. லோரி மோதினாலும் விதி; லாக்கப்பில் அடிபட்டாலும் விதி!

அப்படி அடங்கிப் போகாத ஒரு தாயின் கதையை இன்று சொல்கிறோம்.

2009 ஜனவரியில், வாகனத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் குகன் என்ற இளைஞர் கைது செய்யப்பட்டார். ஜனவரி 20-ஆம் நாள் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். (அந்த வட்டாரம் ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டம் என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.) நுரையீரலில் நீர் கோத்ததே மரணத்துக்குக் காரணம் என்று முதல் பிரேதப் பரிசோதனை கூறியது. உடலில் காயங்களைக் கண்ட குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடிபட்ட காயங்களால் வந்த கேடே உயிரைப் பறித்தது என்றது அந்த அறிக்கை.

அதன்பின் நடந்ததைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். கொலைக்குற்றம் என்று எவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. காயம் விளைவித்ததாக ஒரே ஒரு காவலர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2010-இல் அவரும் விடுதலையானார். மேல்முறையீட்டின் பின் விசாரணை தொடர்ந்து, 2012-இல்தான் அவருக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. அந்த விடுதலையோடு எல்லாம் முடிந்தது என்று குடும்பம் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தாயார் இந்திரா, 2012 ஜனவரியில், மகன் இறந்து மூன்றாண்டு நிறைவதற்குச் சில நாள்களே இருந்தபோது, காவல் துறையினர் மீதும் அரசாங்கத்தின் மீதும் தம் பெயரில் வழக்குத் தொடுத்தார். 2013 ஜூனில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெரும்பான்மை முடிவாக நிலைநிறுத்தியது.

போலீசார் தொடுக்கும் குற்றவியல் வழக்கு வேறு. குடும்பம் தொடுக்கும் சிவில் வழக்கு வேறு. முன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். பின்னதில் எந்தப் பக்கத்துச் சான்று கனமானது என்று பார்த்தால் போதும். ஆகையால் லோரி ஓட்டுநர் விடுதலையானார் என்று கேள்விப்பட்டதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

சிவில் வழக்குக்கு வழி செய்வது 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், அதன் 7-ஆம் பிரிவு. மனைவி அல்லது கணவன், பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடுக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின், இறந்தவரின் பராமரிப்பில் இருந்த உடற்குறையுள்ளவரும் இதில் சேர்வார். மற்றபடி உடன்பிறந்தோர் இல்லை. தம்பி தங்கையைத் தோளில் சுமக்கும் அண்ணன்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! சட்டம் அதைக் கணக்கில் வைக்காதது எங்களுக்கு மனக்குறைதான்.

வழக்கை இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுத்தாக வேண்டும். போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்? இறந்தவரின் முழுச் சம்பளத்தையும் நீதிமன்றம் எடுத்துக்கொள்வதில்லை. அவர் குடும்பத்துக்குக் கொடுத்து வந்த தொகையைத்தான் பார்க்கும். நாற்பது வயதான ஒருவர் மாதம் 800 வெள்ளி வீட்டுக்குக் கொடுத்தார் என வைத்துக்கொள்வோம். 60-இல் 40 போக மீதி 20. அதில் பாதி 10 ஆண்டு. ஆக 96,000 வெள்ளி. முப்பதும் அதற்குக் குறைவுமான வயதுக்கு 16 ஆண்டு. 2019 செப்டம்பருக்கு முன் இந்தக் கணக்கு 60-க்குப் பதில் 55 வயதை வைத்து நடந்தது. இது தவிர, துணையை இழந்தவருக்குத் துயர இழப்பீடு என்று 30,000 வெள்ளி உண்டு. முன்பு அது 10,000. ஈமச் சடங்குச் செலவையும் கேட்கலாம். பந்தல்காரரின் ரசீதைக்கூட எறிந்துவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் காசு வாங்கி வேலை செய்தவர் குடும்பந்தான் அதிகம் திண்டாடும். சேமநிதிக் கணக்கு, வங்கிப் புத்தகம், முதலாளியின் கடிதம், எதுவானாலும் தேடி எடுத்து வையுங்கள்.

வேலையில் நேர்ந்த விபத்து என்றால் பாதை வேறு. சொக்சோவில் பதிவான தொழிலாளியின் குடும்பம் முதலாளி மீது வழக்குப் போட முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆயினும் சொல்கிறோம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே பல ஆண்டு வாழ்ந்த தம்பதியர் நம்மிடையே உண்டு. திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குப் பின் கல்யாணம் செய்தவர் இறந்துபோனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது பதிவுப் பத்திரம். பத்திரமில்லாத பெண்களின் வழக்குகளில் நீதிமன்றங்கள் எல்லாச் சமயமும் ஒரே விதமாகத் தீர்ப்பளிக்கவில்லை. கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம், "நீ மனைவிதானா?" என்று கேட்பது எத்தனை கொடுமை! பதிவாகாத தம்பதியர் இந்த வாரமே பதிவு இலாகாவுக்குப் போய் விசாரியுங்கள். பிள்ளைகளின் உரிமை இதனால் போகாது.

கடைசியாகத் தரகர்கள். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் மருத்துவமனை வாசலிலேயே, "வக்கீல் எனக்குத் தெரிந்தவர், ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று வருவார்கள். கிடைக்கும் இழப்பீட்டில் வழக்கறிஞர் பங்கு பேசுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் தடுக்கிறது. ஆள் பிடிப்பதும் குற்றம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ கேட்கலாம். போகும்போது இறப்புப் பத்திரம், போலீஸ் ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை அறிக்கை, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு செல்லுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும்.