இருக்கை கிடைத்தது, வழி கிடைத்ததா?

(கப்பலூரில் ஆற்றப்பெற்ற உரை)



கழகக் காலத்தில் ஐயூர் முடவனார் என்றொரு புலவர் இருந்தார். அவர் தாமான் தோன்றிக்கோனிடஞ் சென்று கேட்டது பொன்னன்று, ஒரு பகடு. அவனோ ஆனிரையும் ஊர்தியுஞ் சேர்த்துக் கொடுத்தான். புறநானூற்றின் 399-ஆம் பாட்டு இதனைச் சொல்கிறது. அது மன்னனின் கொடை. மக்களாட்சியிலோ கொடைக்கு இடமில்லை, உரிமைக்கே இடம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழப் பதினொன்றே முக்கால் இலக்கம் பேர். அத்தனை பேர்க்கும் உள்ளாட்சி மன்றங்களிற் குரல் மிகச் சிறிது. 2025 ஏப்பிரல் 16-ஆம் நாள், முதலமைச்சர் மு. க. இசுடாலின் சட்டப்பேரவையில் இரண்டு சட்டத் திருத்தங்களை முன்வைத்தார். ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக அமர்த்த அவை வழி செய்தன. வரவேற்கிறோம்! ஆயினும் இரண்டு வினாக்களை எழுப்பாதிருக்க இயலாது.

முதல் வினா: அமர்த்தப்பெற்றவர்க்கு வாக்கு உண்டா? நகரமைப்புகளில் சிறப்பறிவு கருதி அமர்த்தப்பெறுவோர்க்கு வாக்குரிமை இல்லையென்று இந்திய அரசமைப்பே சொல்கிறது. பேசலாம்; கை தூக்கி முடிவு செய்ய இயலாது. மேலும், மதுரை மாவட்ட ஊராட்சிகளிற் தேர்ந்தெடுக்கப்பெற்றோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போயிற்று. மன்றமே இல்லாக் காலத்தில் இருக்கையை எங்கே இடுவது? ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது மாற்றுத்திறனாளியின் வாயையும் அடைப்பதாகும்.

இரண்டாம் வினா: அந்த இருக்கைக்குப் போகும் வழி எது? 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளிவந்த ஐந்தாண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் புழங்கத்தக்கனவாக மாற்ற வேண்டுமென்றது. விதிகள் வந்தது 2017 சூன் திங்களில். கெடு முடிந்தது 2022 சூன் திங்களில். சாய்தளம் என்ற பெயரில் ஒரு வண்டி மண்ணைக் கொட்டிப் பூசிவிட்டால் போதாது. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டடித் திண்ணைக்கு இருபத்து நான்கடி! அதனிற் குறைந்தால் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினும் பின்னோக்கிச் சரியும்.

கப்பலூர்ப் பெருமக்களே! இங்கே தொழிற்பேட்டை உண்டு, நூலாலை உண்டு, நாற்கரச் சாலை உண்டு. பாரவண்டிக்குச் சரிவு பார்த்துச் சாலை போடத் தெரிந்த நாட்டுக்குச் சக்கர நாற்காலிக்குச் சரிவு பார்க்கத் தெரியாதா? தெரியும்; கேட்பாரில்லை என்பதே குறை.

ஆகவே, அடுத்த ஊரவைக் கூட்டத்திற்கு வெறுங்கையோடு போகாதீர். ஓர் அளவு நாடாவோடு போங்கள். ஊராட்சி அலுவலகம், பள்ளி, நியாயவிலைக் கடை, நலவாழ்வு நிலையம் ஆகியவற்றின் படி உயரத்தை அளந்து, தேவைப்படும் சாய்தள நீளத்தைத் தாளில் எழுதித் தீர்மானமாக்குங்கள். கூட்டம் நடக்கும் இடத்திற்கு நம் ஊரின் பார்வையற்றவரும் காலிழந்தவரும் வந்து சேர்ந்தனரா என்பதை முதலிற் பாருங்கள். அவர் வராத அவை ஊரவை ஆகாது.

முடவனார் பகடு கேட்டார். நாம் பாதை கேட்போம்!