மாடி அனலும் ஆர் மதிப்பும்
(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வழக்கமாக இந்த மேடையில் கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றிப் பேசுவோம். இன்று வீட்டுக் கூரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சித்திரை, வைகாசி வந்தால் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம், இஷா தொழுதுவிட்டு வந்து படுக்கும் நேரத்தில் அனலைக் கீழே இறக்குகிறது. மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றி வீசுகிறது. இதில் அதிகம் வாடுவது முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான்.

அதனால்தான் சென்ற கோடைக்கு முன் மூன்று வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு வேலை செய்து கொடுத்தோம். அதில் நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம். அதை மறைக்காமல் சொல்வதுதான் முறை.

கடைக்காரர் பளபளக்கும் ஃபாயில் ஷீட் ஒன்றைக் காட்டினார். கனம் 4 மி.மீ. அதன் தாளில் ‘ஆர் 8’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த தெர்மாகோல் பலகையில் ‘ஆர் 1.4’ என்றுதான் இருந்தது. எட்டு பெரிதா, ஒன்றரை பெரிதா? ஃபாயிலை வாங்கினோம். தளத்தின் மேல் அதை விரித்து, மேலே சிமெண்ட் கலவை போட்டு, ஓடு பதித்துக் கொடுத்தோம். கோடை வந்தது. ஒரு வீட்டுப் பெரியம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, மாடி பார்க்கப் புதுசா இருக்கு. ராத்திரி அனல் மட்டும் பழைய அனல்தான். பிள்ளைங்க இன்னும் வாசல்லதான் படுக்குதுங்க.”

நீங்கள் நம்பிக் கொடுத்த ஸதகா பணம் அது. அமானத். எங்கே தவறினோம் என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறோம். சொந்தப் பணத்தில் செய்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கே மதிப்பு. ஒரு பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் எண் இது. குறைவாக இருந்தால் நல்லது. கான்கிரீட்டுக்குச் சுமார் 1.6, செங்கல்லுக்குச் சுமார் 0.8, ராக் வூலுக்கு 0.04 அளவில், தெர்மாகோலுக்கு 0.036 அளவில், பியூஎஃப் எனப்படும் நுரைப் பலகைக்கு 0.025 அளவில் இருக்கும்.

அடுத்தது ஆர் மதிப்பு. சூடான சட்டியை இறக்கக் கரித்துணியை ஒரு மடிப்பாகப் பிடித்தால் கை சுடுகிறது. நான்காக மடித்தால் தாங்குகிறது. துணி அதே துணி, கனம்தான் கூடியது. பொருளையும் கனத்தையும் சேர்த்துச் சொல்வதே ஆர் மதிப்பு. இது கூடுதலாக இருந்தால் நல்லது. கணக்கு எளிது: கனத்தை மீட்டரில் எழுதி, கே மதிப்பால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. தெர்மாகோல் என்றால் 0.05-ஐ 0.036-ஆல் வகுக்கிறோம், 1.4 வருகிறது. இதே தடுப்பைக் கான்கிரீட்டிலேயே பெற வேண்டுமானால் தளத்தின் கனம் 2 மீட்டருக்கு மேல் போக வேண்டும்!

இப்போது எங்கள் 4 மி.மீ. ஷீட்டைப் பாருங்கள். 0.004-ஐ 0.04-ஆல் வகுத்தால் 0.1தான். தாளில் இருந்த 8 எங்கிருந்து வந்தது? அடியில் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அது அமெரிக்க அளவு. நம் நாட்டில் புழங்கும் மெட்ரிக் அளவில் 1 என்பது அமெரிக்க அளவில் சுமார் 5.7. ஆகவே அந்த 8 நம் கணக்கில் 1.4தான். பக்கத்தில் இருந்த தெர்மாகோலும் அதே 1.4! இரண்டாவது, பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருந்தால்தான் அந்த மதிப்பும் கிடைக்கும். ஃபாயில் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் பொருள். இடைவெளி இல்லாமல் கலவைக்குள் புதைத்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை. நாங்கள் புதைத்துவிட்டோம்.

மூன்றாவது, யு மதிப்பு. தளம், ஓடு, தடுப்புப் பலகை எல்லாம் சேர்ந்த முழுக் கூரை வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்பதைச் சொல்வது இது. குறைவாக இருந்தால் நல்லது. 5 அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது சுமார் 3.5. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வீடுகளுக்கான விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. 50 மி.மீ. தெர்மாகோல் சேர்த்தால் 0.6-க்கு இறங்கிவிடுகிறது.

சிலர், “அப்படியானால் 100 மி.மீ. போடலாமே” என்று கேட்கிறார்கள். போடலாம், 0.33 வரும். முதல் 50 மி.மீ. 3.5-ஐ 0.6 ஆக்கியது. இரண்டாவது 50 மி.மீ.க்கு அதே செலவு செய்து 0.27தான் குறைகிறது. வசதியுள்ளவர்கள் விரும்பினால் செய்யட்டும். அறக்கட்டளையைப் பொறுத்தவரை, அந்த இரண்டாவது பலகை இன்னொரு ஏழை வீட்டின் மாடிக்குப் போக வேண்டிய பலகை.

வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு ஆர் மதிப்பு கேட்பது பொருந்தாது. பூச்சு அவ்வளவு மெல்லியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனை எஸ்ஆர்ஐ என்ற எண்ணால் சொல்வார்கள். அளவுகோலாக வைத்த கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. தூசு படிந்தால் திறன் குறையும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கும் முதலில் இதையே சொல்வோம்.

கடைக்குப் போகும்போது ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. கே மதிப்பு என்ன? எந்த வெப்பநிலையில் சோதித்தது? சோதனை அறிக்கையைக் காட்ட முடியுமா? குளிரில் சோதித்தால் எண் அழகாக வரும். நம் மாடியோ கொதிக்கிறது.

2. கனம் எத்தனை மி.மீ.? கனம் சொல்லாத ஆர் மதிப்பை நம்ப வேண்டாம்.

3. மெட்ரிக் அளவா, அமெரிக்க அளவா?

4. அந்த மதிப்பு பொருளுக்கு மட்டுமா, காற்று இடைவெளியையும் சேர்த்தா?

5. தீப்பிடிக்குமா? தண்ணீர் குடிக்குமா? ஆள் நடந்தால் தாங்குமா? தெர்மாகோலும் நுரைப் பலகைகளும் எரியக்கூடியவை. மேலே கலவையும் ஓடும் போட்டு மூட வேண்டும், அறைக்குள் வெறுமனே விடக் கூடாது. ராக் வூல் எரியாது. ஆனால் நனைந்தால் பயன் போய்விடும்.

இரண்டு கடைகளில் விலை கேட்டால், சதுர அடி விலையை ஆர் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். எது உண்மையில் மலிவு என்று தெரிந்துவிடும். தளத்தில் நீர்க்கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். முடிந்தவரை பலகையைத் தளத்துக்கு மேலேயே வையுங்கள். அப்போது கான்கிரீட்டே சூடேறாமல் இருக்கும். பழைய வீடாக இருந்தால், மேலே எடை ஏற்றும் முன் பொறியாளரைக் கேளுங்கள். இத்தனையும் செய்தாலும் இரவில் சன்னலைத் திறந்து காற்று விட வேண்டும். தடுப்புப் பலகை உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றாது.

அந்தப் பெரியம்மா வீட்டு மாடியில் 50 மி.மீ. பலகை வைத்து வேலையை மீண்டும் செய்து முடித்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் இப்போது உள்ளே படுக்கிறார்கள். மற்ற இரண்டு வீடுகளுக்கும் இப்போதைக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறோம்; நிதி சேர்ந்ததும் அங்கும் பலகை வைப்போம், இன்ஷா அல்லாஹ். இனி கே மதிப்பும் கனமும் எழுதப்படாத எந்த விலைப்பட்டியலுக்கும் அறக்கட்டளை பணம் தராது என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது.

உங்கள் வீட்டுக்கு விலைப்பட்டியல் வாங்கினால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறோம். ஏமாந்த அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. அது உங்களுக்கு வேண்டாம்.